எக்ஸிட் டெலிவரி: கொடியை வெட்ட அவசரப்படாதீங்க

குழந்தை வெளிய வந்ததும் வீல்னு அழலைன்னா நமக்கு கை கால் உதறிடும், ஆனா எக்ஸிட்னு ஒரு டெலிவரி இருக்கு, அதுல தலையும் தோளும் வெளிய வந்தப்புறமும் குழந்தை அசையாம தூங்கிட்டு இருந்தாதான் எல்லாம் சரியா போகுதுன்னு அர்த்தம். கழுத்துல பெரிய டெரட்டோமா கட்டியோ நீர்க்கட்டியோ இருந்து மூச்சுக்குழாயை நசுக்குது, இல்ல மூச்சுக்குழாயே மேல அடைச்சிருக்குன்னு ஸ்கேன்ல தெரிஞ்சா, தொப்புள் கொடியை வெட்டுறதுக்கு முன்னாடியே தொண்டைக்குள்ள டியூப் போட்டுடுவாங்க. அதுவரைக்கும் நஞ்சு, அதாவது பிளாசென்டாதான் குழந்தைக்கு நுரையீரல்.

இதை ஆரம்பிச்சது வேற ஒரு தேவைக்கு. 1990கள்ல சான் பிரான்சிஸ்கோல, நெஞ்சையும் வயித்தையும் பிரிக்கிற உதரவிதானத்துல ஓட்டை இருக்கிற குழந்தைக்கு நுரையீரல் வளரணும்னு அம்மா வயித்துக்குள்ளயே மூச்சுக்குழாய்ல கிளிப் போட்டாங்க, பிறக்குறப்போ அதை கழட்டணுமே, அதுக்கு கண்டுபிடிச்ச வழி இது.

பெரிய தப்பு எதுன்னா, "சிசேரியன் தானே, கூட ஒரு இ.என்.டி. டாக்டர் நிப்பாரு"ன்னு நினைக்கிறது. சிசேரியன்ல குழந்தையை எடுத்ததும் கர்ப்பப்பை கல்லு மாதிரி இறுகணும், அப்பதான் ரத்தம் நிக்கும். இங்க அப்படியே உல்டா, இறுகினா நஞ்சு பிரிஞ்சிடும், ஆக்சிஜன் போச்சு. அதனால பெரும்பாலும் அம்மாவுக்கு முழு மயக்கம்தான், அதுவும் வழக்கத்தைவிட அதிகமா மயக்க கேஸ் (வாயு) வச்சு கர்ப்பப்பையை தொளதொளன்னு வச்சிருப்பாங்க, அதுல அம்மாவோட பிபி இறங்கும், அதையும் மயக்க டாக்டர்தான் தூக்கி நிறுத்தணும்.

அதே காரணத்துக்குதான் குழந்தையை முழுசா வெளிய இழுக்கக் கூடாது. உள்ள இடம் காலியானா கர்ப்பப்பை சுருங்க ஆரம்பிச்சிடும். தலை, தோள், ஒரு கை, அவ்ளோதான், மீதி உள்ளயே இருக்கணும், வெதுவெதுப்பான சலைன் வேற உள்ள விட்டுட்டே இருப்பாங்க. வெளிய வந்த அந்த குட்டி கையில ஆக்சிஜன் பார்க்குற ப்ரோபை சுத்தி, தியேட்டர் லைட் படாம ஃபாயில் பேப்பரை மூடி வைப்பாங்க. அதுல 60% காட்டுதேன்னு புதுசா நிக்கிறவங்க பதறுவாங்க, வயித்துக்குள்ள இருக்கிற குழந்தைக்கு அது நார்மல்தான், 95 எதிர்பார்க்கக் கூடாது. இதயத்துடிப்பு விழுந்தாதான் பயப்படணும்.

அடுத்த தப்பு, டியூப் போகலைன்னா என்னன்னு அங்க நின்னு யோசிக்கிறது. முதல்ல லாரிங்கோஸ்கோப் (தொண்டையை பார்த்து டியூப் போடுற கருவி), முடியலைன்னா பிராங்கோஸ்கோப் (மூச்சுக்குழாய்க்குள்ள போய் பார்க்குற கருவி), அதுவும் முடியலைன்னா கழுத்து வழியா மூச்சுக்குழாய்ல ஓட்டை, இந்த வரிசையும் யார் கை வைக்கிறதுங்கிறதும் முந்தின நாளே பேசி, எல்லா ட்ரேயும் திறந்து ரெடியா இருக்கணும். கட்டி மூச்சுக்குழாயை ஒரு பக்கமா தள்ளியிருக்கும், நடுவுல கீறினா கிடைக்கும்னு நம்பி கத்தி வைக்க முடியாது, எம்ஆர்ஐ-யை பார்த்து மனசுல படம் வச்சிருக்கணும். ஒரு மணி நேரம் வரைக்கும் கூட நஞ்சு தாக்குப்பிடிச்சிருக்கு, அதுக்காக அது நமக்கு எழுதிக்கொடுத்த நேரம் இல்ல.

டியூப் போனதும் சந்தோஷத்துல கொடிக்கு கிளாம்ப் போடுறது இன்னொரு தப்பு. நெஞ்சு ரெண்டு பக்கமும் தூக்குதா, கார்பன் டை ஆக்சைடு வருதா, டியூபை நல்லா கட்டியாச்சா, இதெல்லாம் பார்த்துட்டு, மயக்க டாக்டர்கிட்ட சத்தமா சொல்லிட்டுதான் கொடியை வெட்டணும், ஏன்னா அந்த நிமிஷமே கேஸை குறைச்சு, கர்ப்பப்பையை இறுக்குற மருந்தான ஆக்ஸிடோசினை ஏத்தணும், அதுவரை தொளதொளன்னு இருந்த கர்ப்பப்பை இப்போ இறுகியே ஆகணும். எல்லார் கண்ணும் குழந்தை மேல இருக்கிற அந்த நேரத்துலதான் அம்மாவுக்கு ரத்தம் கொட்டும். அதான் தனித்தனியா ரெண்டு டீம்.

குழந்தைக்கு முழுங்க முடியாததால பனிக்குடத் தண்ணி ஏறி, குறிச்ச தேதிக்கு முன்னாடியே வலி வரலாம், ராத்திரி 2 மணிக்கு வந்தா யார் யார் வருவாங்கன்னு முன்னாடியே கேட்டு வைங்க. வீட்டுக்கு போறப்போ கர்ப்பப்பையில எந்த இடத்துல கீறினாங்கன்னு டிஸ்சார்ஜ் சம்மரில எழுதி வாங்கிக்கோங்க, மேல்பக்கம் கீறியிருந்தா அடுத்த தடவை வலி வர்றதுக்கு முன்னாடியே சிசேரியன் பண்ணிடணும்.