கார் ஏசிக்கு கேஸ் ஏற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சித்திரை வெயில் ஏறினால் கார் ஏசி பட்டறைகளில் வேலை பழக வரும் தம்பிகளும் கூடிவிடுகிறார்கள். இந்த வருடமும் அவர்கள் கைவேலையைக் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். எங்கள் தலைமுறை பழகும்போது செய்த அதே கோளாறுகள்தான் திரும்ப வருகின்றன. ஓ-ரிங்குக்கு எண்ணெய் தடவ மறப்பது, நட்டை அளவுக்கு மீறி முறுக்குவது எல்லாம் சில நாளில் தானாகச் சரியாகிவிடும். ஆளுக்கு ஆபத்தாகவோ வண்டிக்காரருக்குப் பெரிய செலவாகவோ முடிகிற தவறுகளை மட்டும் இங்கே சொல்கிறேன்.

வேக்யூம் போடாமல் கேஸ் ஏற்றுவது

கேஸ் ஏற்றும் முன் பம்ப் மாட்டி உள்ளே இருக்கும் காற்றை இழுத்துவிடுவதுதான் வேக்யூம். அதைப் போடாமல் விடுவதுதான் எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது. பைப்பையோ, கேஸின் சூட்டை வெளியே விடும் கண்டென்ஸரையோ கழற்றி மாட்டிய பிறகு, "கொஞ்சம் கேஸ் விட்டா உள்ள இருக்கிற காத்து வெளிய போயிடும்ணே" என்று சொல்லி, ஒரு பக்கத்து ஹோஸைத் தளர்த்தி புஸ்ஸென்று விட்டுவிட்டு கேஸை ஏற்றிவிடுகிறார்கள். காற்றில் ஒரு பகுதி அப்படிப் போகலாம். ஈரம் போகாது.

ஒரு ஐப்பசி மாதம் ஒரு கார் வந்தது. வேறொரு பட்டறையில் கண்டென்ஸர் மாற்றியிருந்தார்கள். கிளம்பும்போது குளிர்ச்சி அருமையாக இருக்குமாம். அரை மணி நேரம் ஓடியதும் வெறும் காற்றுதான் வருமாம். ஏசியை அணைத்து கொஞ்ச நேரம் விட்டால் திரும்பக் குளிருமாம். எங்கள் பட்டறைத் தம்பி உடனே "கேஸ் கம்மிண்ணே" என்றான். கேஸ் சரியாகத்தான் இருந்தது. உள்ளே சிக்கிய ஈரம், கேஸ் அழுத்தம் குறைந்து குளிரும் இடமான எக்ஸ்பான்ஷன் வால்வின் சின்னத் துளையில் பனிக்கட்டியாக உறைந்து வழியை அடைத்திருக்கிறது. ஏசியை அணைத்தால் உருகி வழிவிடுகிறது. இந்த அறிகுறியைப் பார்த்தால் கேஸ் சிலிண்டரைத் தொடாதீர்கள்.

அந்த வண்டி ஒரு மாதமாக அப்படியே ஓடியிருந்ததுதான் கொடுமை. ஈரமும் கேஸும் எண்ணெயும், கேஸை அழுத்தும் கம்ப்ரஸரின் சூட்டில் சேர்ந்தால் அமிலம் உண்டாகும். அந்த அமிலம் உள்ளே இருக்கும் உலோகத்தை அரிக்கும். நாங்கள் திறந்து பார்த்தபோது எண்ணெய் கறுத்து, அலுமினியத் துகள் கலந்திருந்தது. இப்போதைய கண்டென்ஸர்களில் குழாய்கள் மிக மெல்லியவை. அவற்றுக்குள் துகள் போய்விட்டால் எவ்வளவு ஃப்ளஷ் செய்தாலும் முழுக்க வராது. கம்ப்ரஸர், புதிதாகப் போட்ட கண்டென்ஸர், ஈரத்தை உறிஞ்சும் டிரையர், வால்வ் என்று மொத்தத்தையும் மாற்ற வேண்டியதாயிற்று. வண்டிக்காரர் தினக்கூலிக்கு டாக்ஸி ஓட்டுகிறவர். யாரோ அரை மணி நேரம் மிச்சம் பிடித்ததற்கு அவர் பணம் கட்டினார்.

வேக்யூம் என்பது காற்றை உறிஞ்சுவது மட்டுமில்லை. அழுத்தம் குறைந்தால் தண்ணீர் சாதாரண வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகும். அந்த ஆவியைத்தான் பம்ப் இழுத்துப் போடுகிறது. சாதாரணக் காற்றழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம். 30 டிகிரியில் தண்ணீர் கொதிக்க அது சுமார் 32 மில்லிமீட்டருக்கு இறங்க வேண்டும். ஊட்டியில் 5 டிகிரி குளிர் உள்ள காலையில் என்றால் ஆறரை மில்லிமீட்டர் வரை இறங்க வேண்டும். "அரை மணி நேரம் போட்டாச்சு" என்பது அதனால்தான் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. குளிர் நாளில் எஞ்சினைக் கொஞ்சம் சூடாக்கிவிட்டு, இன்னும் அதிக நேரம் பம்பை ஓட விடுங்கள்.

பழைய ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸரை வேக்யூம் பம்பாக வைத்திருக்கும் பட்டறைகள் உண்டு. முள் கீழே இறங்குவது போலத் தெரியும். ஈரத்தைக் காயவைக்கும் ஆழத்துக்கு அது இழுக்கும் என்று நம்ப முடியாது. ஹோஸ் மாட்டி அழுத்தம் பார்க்கும் மேனிஃபோல்ட் கேஜும் அந்த ஆழத்தைத் துல்லியமாகக் காட்டாது. நல்ல இரண்டு-ஸ்டேஜ் பம்பும் ஒரு மைக்ரான் கேஜும் (மில்லிமீட்டர் பாதரசத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்) வாங்குங்கள். 500 மைக்ரானுக்குக் கீழே இறக்கி, பம்பின் வால்வை மூடிவிட்டுக் காத்திருங்கள். முள் கொஞ்சம் ஏறி ஓரிடத்தில் நின்றுவிட்டால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் லீக்.

முள் அசையவில்லை என்பதாலேயே லீக் இல்லை என்றும் சொல்லிவிடாதீர்கள். வேக்யூமில் வெளிக்காற்று உள்ளே தள்ளும் அழுத்தம் 15 பிஎஸ்ஐ கூட இல்லை. வண்டி ஓடும்போது ஹை சைடில், அதாவது கம்ப்ரஸர் கேஸை அழுத்தி அனுப்பும் பக்கத்தில், 200 பிஎஸ்ஐக்கு மேல் உள்ளிருந்து வெளியே தள்ளும்.

அப்புறம் டிரையர். சிஸ்டத்தைத் திறந்தால் டிரையரையும் மாற்றுங்கள். புது டிரையரின் மூடியைக் கடைசி நிமிடத்தில் கழற்றுங்கள். காலையிலேயே கழற்றி மேசையில் வைத்தால், வேலை முடிவதற்குள் அது காற்றின் ஈரத்தைக் குடித்துத் தீர்த்திருக்கும். கம்ப்ரஸருக்கு ஊற்றும் பிஏஜி எண்ணெயும் அப்படித்தான். திறந்து கிடந்த டப்பாவை அடுத்த வண்டிக்கு வைத்துக்கொள்ள வேண்டாம்.

கேஜ் முள்ளைப் பார்த்து கேஸ் அளவை முடிவு செய்வது

வண்டி நிற்கும்போது கேஜ் காட்டுவது பெரும்பாலும் வெப்பநிலையைத்தான். 30 டிகிரியில், கார் ஏசியில் போடும் ஆர்-134ஏ கேஸ் சுமார் 97 பிஎஸ்ஐ காட்டும். உள்ளே திரவமாகக் கொஞ்சம் இருந்தாலே போதும், பாதி அளவு இருந்தாலும் முழு அளவு இருந்தாலும் அதே முள்தான். பானட்டுக்கு அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று போட்டிருக்கும். இருக்கிற கேஸை மெஷினில் முழுக்க எடுத்துவிட்டு, தராசில் எடை போட்டு அந்த அளவு ஏற்றுங்கள். சின்னக் கார்களுக்கு அரை கிலோ கூடத் தேவைப்படாது. 100 கிராம் கூடினாலே ஹை சைடு எகிறும். "இன்னும் கொஞ்சம் விடு, நல்லா குளிரும்" என்பது தப்பு.

காற்றடித்து லீக் பார்ப்பது

டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரை மாட்டி லீக் பார்க்கிறார்கள். ஆர்-134ஏ சாதாரணமாகத் தீப்பிடிக்காது என்பது சரி. ஆனால் அழுத்தத்தில் காற்றோடு கலந்தால் எரியக்கூடும். வெல்டிங் செய்யும் இடத்தில் ஆக்ஸிஜன் சிலிண்டர் கைக்கு எட்டுகிறது என்று அதை மாட்டுவது இதைவிட மோசம்: எண்ணெயும் அழுத்தமான ஆக்ஸிஜனும் சேர்ந்தால் வெடிக்கும். ஆள் செத்துப்போவான். உலர்ந்த நைட்ரஜன் மட்டும்தான், அதுவும் கண்டிப்பாக ரெகுலேட்டர் வைத்து. நிறைந்த சிலிண்டருக்குள் 2,000 பிஎஸ்ஐக்கு மேல் இருக்கும். சோப்புத் தண்ணீர் தடவி நிதானமாகப் பாருங்கள்.

எஞ்சின் ஓடும்போது ஹை சைடு வால்வைத் திறப்பது

வேண்டாம். அழுத்தம் திரும்பிப் பாய்ந்து கேஸ் டின் கையிலேயே வெடிக்கும்.

டின்னைக் கவிழ்த்துப் பிடிப்பது

கவிழ்த்தால் கேஸ் திரவமாகவே வரும். எஞ்சின் ஓடும்போது லோ சைடில், அதாவது கம்ப்ரஸர் உறிஞ்சும் பக்கத்தில், திரவமாகப் போனால் கம்ப்ரஸரால் அதை அழுத்த முடியாது. உள்ளே உடையும்.

சமையல் கேஸ் ஏற்றுவது

காருக்குள் வரும் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயில் ஆட்களுக்கு முன்னால்தான் இருக்கிறது. அங்கே லீக்கானால் காருக்குள் நிறைவது எரிவாயு. இப்படிக் கேட்டு வரும் வண்டியைத் திருப்பி அனுப்புங்கள்.

கண்ணாடியும் கையுறையும் போடாமல் இருப்பது

திரவ ஆர்-134ஏ மைனஸ் 26 டிகிரியில் கொதிப்பது. கண்ணில் பட்டால் உறையவைத்துப் பார்வை போகலாம்.

கேஸைக் காற்றில் விடுவது

ஒரு கிலோ ஆர்-134ஏ பூமியைச் சூடாக்குவது சுமார் 1,430 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். அதோடு, மூடிய ஷெட்டில் பக்கத்தில் வெல்டிங் நடந்தால் தீயில் பட்ட கேஸ் நச்சுப் புகையாகும். கேஸை வெளியே விடாமல் இழுத்துச் சேர்க்கும் ரெக்கவரி மெஷின் இல்லாத இடத்தில் சிஸ்டத்தைத் திறக்காதீர்கள்.

மின்சாரக் காரிலும் ஹைபிரிட்டிலும் கையில் இருக்கும் எண்ணெயை ஊற்றுவது

இதற்கு இப்போதே பழகிக்கொள்ளுங்கள், வண்டிகள் வர ஆரம்பித்துவிட்டன. இவற்றின் ஏசி கம்ப்ரஸரை ஓட்டுவது உயர் மின்னழுத்த மோட்டார். அதன் சுருள்கள் எண்ணெயிலும் கேஸிலும் நனைந்தபடியே ஓடும். அதனால் பெரும்பாலும் மின்சாரம் கடத்தாத பிஓஇ எண்ணெய் போடுகிறார்கள். அதில் பிஏஜி கலந்தால் மின்காப்பு கெடும், வண்டியே கிளம்பாமல் நிற்கலாம். முந்தின வண்டியின் எண்ணெய் ஹோஸில் மிச்சமிருந்தால்கூட ஆபத்து என்பதால், இந்த வண்டிகளுக்கென்று தனி ஹோஸ் செட் வைத்துக்கொள்ளுங்கள். உயர் மின்னழுத்தம் பாயும் ஆரஞ்சு நிற வயரைத் தொடுமுன் கம்பெனி சொன்ன முறைப்படி மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். அந்தப் பயிற்சி எடுக்காதவர் கம்ப்ரஸர் பக்கமே போகக் கூடாது.