என்ஜின் இறக்க வீட்டில் லிஃப்ட் பூட்டுவதென்றால்

போன மாரிக்கு முன் மருமகன் வந்து கேட்டான்: "மாமா, வீட்டிலயே வாகனம் தூக்கிற லிஃப்ட் ஒண்டு பூட்டுவம் எண்டு இருக்கிறன். நாலு டன் எடுக்கவோ, அஞ்சு டன் எடுக்கவோ?"

அவன் வீடு உப்புவெளியில், கடலுக்குக் கிட்ட. பின்வளவில் ஒரு தகரக் கொட்டில், அதற்குள் ஒரு கொரோலாவும் ஒரு டொல்பின் வானும். அவன் டன் கணக்கில் தொடங்கியது எனக்குச் சரியாகப் படவில்லை. கொரோலா ஒரு டன்னுக்குக் கொஞ்சம் கூடக்குறைய வரும். இரண்டு தூணிலிருந்து நீளும் கைகளால் வாகனத்தை ஏந்துகிற இரட்டைத் தூண் லிஃப்ட், சந்தையில் இருக்கிற எதுவும் அதைத் தூக்கிவிடும். "உன்ர வாகனத்தில என்ஜின் மேலால வருமோ, கீழால வருமோ? முதல் அதைச் சொல்லு" என்றேன்.

மொறிஸ் மைனர் போன்ற பின்சில்லு இழுக்கிற பழைய கார்களில் பொனற்றைக் கழற்றி, றேடியேற்றரை எடுத்துவிட்டால் என்ஜின் மேலால் வந்துவிடும். இதற்கு லிஃப்டே வேண்டாம், மடக்குக் கிரேன் போதும். ஆனால் "2 டன்" என்று எழுதியிருப்பது கிரேனின் கை உள்ளே இருக்கும்போதுதான். கையைக் கடைசித் துளை வரை நீட்டினால் பல கிரேன்களில் அரை டன்தான் தாங்கும். வருசத்துக்கு ஒரு என்ஜின் இறக்குகிறவர் நல்ல கிரேன் ஒன்றும் ஸ்டாண்ட் நாலும் வாங்கிக்கொண்டு மிச்சக் காசைக் கையில் வைத்திருக்கலாம். வீட்டு வளையில் மட்டும் செயின் புளொக்கைக் கொழுவ வேண்டாம். அந்த மரம் கூரையைத் தாங்கப் போட்டது.

முன்சில்லு இழுக்கிற கார்களில் என்ஜினும் கியர் பொக்ஸும் குறுக்காக ஒன்றாகக் கிடக்கும். பலவற்றில் அவற்றைக் கீழே தாங்குகிற சட்டமான சப்ஃபிரேமோடு சேர்த்துக் கீழால் எடுப்பதுதான் சுகம். டொல்பினிலும் என்ஜின் சீற்றுக்குக் கீழே. இப்படியானவற்றுக்கு இரட்டைத் தூண் லிஃப்டைத்தான் சொல்வேன். நாலு தூண் லிஃப்டில் சில்லுகள் பலகையில் நிற்பதால் சப்ஃபிரேமைக் கழற்ற இடைஞ்சல். கத்தரி லிஃப்ட் வாகனத்தின் நடுவை அடைத்துக்கொள்ளும்.

அடுத்தது நிலம். தூண் ஒவ்வொன்றும் நாலைந்து பொல்ற்றில்தான் நிற்கிறது. அனேகமான கைநூல்களில் குறைந்தது 4 அங்குலத் தடிப்பு, 3,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்) பலமுள்ள கொங்கிறீற் கேட்டிருப்பார்கள். உங்கள் லிஃப்டின் கைநூல் சொல்வதுதான் கடைசி வார்த்தை. மருமகன் தன் தரை ஆறு அங்குலம் என்று சத்தியம் பண்ணினான், மேசன் அப்படித்தான் சொன்னாராம். துளைத்துப் பார்ப்போம் என்றேன். மூன்று அங்குலத்தில் ட்ரில் பொசுக்கென்று உள்ளே போனது. வெளியே இழுத்தால் நுனியில் ஈர மணல் ஒட்டிக்கொண்டிருந்தது. தூண் வரும் இரண்டு இடத்திலும் நாலடிக்கு நாலடி, ஓரடி ஆழம் வெட்டி, கம்பி கட்டி ஊற்றினோம். 28 நாள் இறுக விட்டுத்தான் பொல்ற் அடித்தோம்.

தூண்கள் இரண்டையும் மேலே இணைக்கிற சட்டம் உள்ள மொடலில் தூண்கள் பெரும்பாலும் 12 அடியளவு வரும். கொட்டிலின் கூரை பதிவென்றால் லிஃப்டின் கம்பிக் கேபிளும் எண்ணெய்க் குழாயும் தூண்களுக்கு இடையே தரைத் தகட்டுக்குள்ளால் போகிற, மேற்சட்டம் இல்லாத மொடலைப் பாருங்கள். தகடு கொஞ்சம் மேடாக இருந்தாலும், என்ஜினை முன்பக்கமாக உருட்டுவதால் தடையில்லை. கரண்ட் நமக்கு 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். பாவித்த இறக்குமதி லிஃப்ட் என்றால் மோட்டர் தகட்டை வாசித்துப் பாருங்கள், மூன்று ஃபேஸ் என்றால் வீட்டுச் சாதாரண இணைப்பில் ஓடாது.

நம் ஊரில் உப்புக்காற்று பெரிய சத்துரு. வாடை தொடங்கினால் வெளியே வைத்த சாவி கூட ஒரு கிழமையில் சிவக்கும். லிஃப்டின் கேபிளைப் பழந்துணியால் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். அறுந்த இழை இருந்தால் துணி சிக்கும். சிக்கினால் கேபிளை மாற்றத்தான் வேண்டும். வாங்குமுன் தூக்கி இறக்கிக் காட்டச் சொல்லுங்கள், இரண்டு தூணிலும் வாகனம் கீழே வராமல் பிடிக்கிற பூட்டு ஒரே நேரத்தில் "டக் டக்" என்று விழ வேண்டும்.

இனி மெத்தக் கவனிக்க வேண்டியது. வண்டில்காரர் முன்பாரம் பின்பாரம் பார்ப்பார்களே, லிஃப்டிலும் அதேதான். இருபது வருசத்துக்கு முன் நான் நின்ற ஒரு கராஜில் கார் ஒன்று மேலே நிற்க, என்ஜினைக் கீழே எடுத்தோம். முன்பாரம் போனதும் பின்பக்கம் மெல்லச் சாய்ந்து, லிஃப்டின் முன் கைகளின் றப்பரை விட்டு காரின் பொடி (உடல்) ஒரு விரலளவு எழும்பியது. நாலு பேர் முன்பக்கத்தில் தொங்கித்தான் இறக்கினோம்.

என்ஜினை, உயர்த்தி இறக்கக்கூடிய ஹைட்ரோலிக் மேசையில் இருத்திவிட்டுப் பொடியைத் தூக்குகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் பாரம் மாறுகிற அந்த நேரத்தில் பின்னால் முண்டு வைக்க வழியில்லை. ஆகவே நான் முதலில் காரை உயர்த்திப் பூட்டில் இருத்துவேன். பின்பக்கம் இரண்டு உயர ஸ்டாண்டைத் திருகி இறுக்கி, பொடியைக் கைகளோடு பட்டியால் கட்டுவேன். பிறகு ஹைட்ரோலிக் மேசையை மேலே கொண்டுபோய் என்ஜினுக்குக் கொடுத்து, பொல்ற்றைக் கழற்றி, மேசையைத்தான் இறக்குவேன். லிஃப்டுக்கு விலை பேசும்போதே அந்த மேசையையும் ஸ்டாண்ட் இரண்டையும் சேர்த்துப் பேசுங்கள்.