ஆல்-வீல் டிரைவ் காருக்கு டயர் வாங்கும் முன்

பனி பெய்யும் நாட்டுக்குப் புதிதாக வந்து கார் தேடும்போது, "இது ஆல்-வீல் டிரைவ், பனிக்குப் பயமே இல்லை" என்று யாராவது சொல்வார்கள். பாதிதான் உண்மை. எஞ்சினின் இழுவை நான்கு சக்கரங்களுக்கும் போவதால் வண்டி வழுக்காமல் கிளம்பும், மேட்டில் திணறாமல் ஏறும். பிரேக் போடும்போது அதற்கு வேலையே இல்லை. எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரத்திலும்தான் பிரேக் பிடிக்கிறது. வண்டி எங்கே நிற்கும் என்பதை டயர்தான் முடிவு செய்கிறது. சுலபமாகக் கிளம்பிய தைரியத்தில் வேகம் எடுத்துவிட்டு, சிக்னலில் நிற்க முடியாமல் தவிப்பவர்கள் உண்டு.

அதனால் முதலில் உங்கள் ஊர்க் குளிரைப் பாருங்கள். வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே போனால் கோடைக்கால டயரின் ரப்பர் இறுகிப் பிடிப்பை இழக்கத் தொடங்கும். வேகமான ஓட்டத்துக்கென்று செய்த, எல்லாப் பருவத்துக்குமான பெர்ஃபார்மன்ஸ் ஆல்-சீசன் டயர் அதைவிடப் பரவாயில்லை. ஆனாலும் அதன் பலம் காய்ந்த ரோட்டிலும் மழையிலும்தான்: ஸ்டீயரிங்குக்கு உடனே பணியும், வேகமாகப் போகும்போதும் அலையாது. எப்போதாவது லேசாகப் பனி விழும் ஊருக்கு இது போதும். மாதக்கணக்கில் பனியும் உறைபனியும் கிடக்கும் இடமென்றால் குளிர்கால டயர் ஒரு செட் தனியாக வேண்டும். சில இடங்களில் அது சட்டப்படியே கட்டாயம்.

டயரின் பக்கவாட்டில் எம்+எஸ் (சேறு, பனி) என்று மட்டும் இருந்தால் நம்பிவிடாதீர்கள். பட்டனின், அதாவது ரோட்டைத் தொடும் பரப்பில் உள்ள வெட்டுகளின், அமைப்பைப் பார்த்துத் தயாரிப்பாளரே போட்டுக்கொள்ளும் குறி அது. மூன்று சிகரம் கொண்ட மலைக்குள் பனிப்பூ வரைந்திருந்தால் பனியில் சோதித்துத் தேறிய டயர் என்று அர்த்தம். அந்தச் சோதனையும் பனிக்கட்டியில் பிரேக் எப்படிப் பிடிக்கும் என்பதைச் சொல்வதில்லை.

அப்புறம், பலர் கவனிக்காத சங்கதி ஒன்று. ஆல்-வீல் டிரைவில் டயர்கள் நான்கும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே அளவு, ஏறத்தாழ ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும். தேய்ந்த டயரின் சுற்றளவு குறைவு. அதே தூரத்துக்கு அது அதிகமாகச் சுற்றும். முன்சக்கரமும் பின்சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்றினால், இரண்டுக்கும் நடுவில் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலோ கிளட்சோ நேர் ரோட்டிலும் ஓயாமல் வேலை செய்து சூடேறித் தேயும். அதைச் சரிசெய்யும் செலவில் ஒன்றுக்கு மேல் டயர் செட் வாங்கிவிடலாம். நான்கு டயர்களின் சுற்றளவுக்குள் கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது என்கிறது சுபாரு கார் கம்பெனி. அதாவது பட்டன் ஆழத்தில் சுமார் 1 மில்லிமீட்டர். மற்ற கம்பெனிகள் கொஞ்சம் தாராளம். உங்கள் காரின் கையேட்டில் பாருங்கள். புது டயரின் ஆழமே சுமார் 8 மில்லிமீட்டர்தான். ஆகவே பாதி தேய்ந்த நிலையில் ஒரு டயர் கிழிந்தால், ஒன்றை மட்டும் மாற்றித் தப்பிக்க முடியாமல் போகலாம். சில கடைகளில் புது டயரைச் சீவி மற்றவற்றுக்கு ஈடாக்கித் தருவார்கள், கேட்டுப் பாருங்கள். 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றிப் போட்டால் நான்கும் சேர்ந்தே தேயும். பழைய கார் வாங்குகிறீர்களா? பேரம் பேசுவதற்கு முன் நான்கு டயரையும் குனிந்து பாருங்கள்.

அளவு எண்களை ஓட்டுநர் கதவை ஒட்டிய ஸ்டிக்கரில் பார்க்கலாம். 225/45 ஆர்17 94வி என்றிருந்தால், 94 என்பது ஒரு டயர் 670 கிலோ தாங்கும் என்பதையும், வி என்பது மணிக்கு 240 கிலோமீட்டர் வரைக்குமானது என்பதையும் குறிக்கும். அவ்வளவு வேகம் யாரும் போகப்போவதில்லை. ஆனாலும் எடை எண்ணிலும் வேக எழுத்திலும் ஸ்டிக்கரில் உள்ளதைவிடக் குறைந்ததை வாங்காதீர்கள். காற்றையும் அந்த ஸ்டிக்கர்படியே அடியுங்கள். டயரில் அச்சிட்டிருக்கும் அழுத்தம் அதன் உச்ச வரம்பு.

கடைக்காரர் டயரைப் பூட்டும் முன் அதன் தயாரிப்புத் தேதியைக் காட்டச் சொல்லுங்கள். டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் 3523 என்றால் 2023ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். கிடங்கில் வருடக்கணக்கில் கிடந்ததைத் தள்ளுபடி என்று நீட்டினால் வேண்டாம் என்றே சொல்லிவிடலாம்.