வல்லரசோடு பேச அமரும் முன்: சிறு நாட்டின் வெளியுறவு அதிகாரிக்குச் சில வழிமுறைகள்

வல்லரசு ஒன்றோடு பேச்சுவார்த்தைக்குத் தயாராகும் சிறு நாட்டின் அதிகாரி, கோரிக்கைகளை எழுதத் தொடங்குவதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை எழுதிவைக்க வேண்டும்: அந்த நாட்டுக்கு நம்மிடம் என்ன தேவைப்படுகிறது, அது வேறெங்கேனும் கிடைக்குமா? கிழக்கு ஆப்பிரிக்காவின் சிறு நாடான ஜிபூட்டியிடம் எண்ணெய் வளமோ பெரும் சந்தையோ இல்லை. ஆனால் செங்கடலின் தெற்கு வாயிலான பாப் எல் மண்டேப் நீரிணையின் ஓரத்தில் அது அமைந்திருப்பதால் அமெரிக்கா, பிரான்சு, ஜப்பான், சீனா ஆகிய நான்கும் அங்கே படைத்தளம் வைத்து அதற்கு வாடகை செலுத்துகின்றன.

கையிருப்பு தெரிந்தபின், எந்த ஒன்றுக்காக அதைச் செலவிடுவது என்று முடிவெடுக்க வேண்டும். வல்லரசின் வெளியுறவுத் துறை ஒரே நாளில் நூறு விவகாரங்களைக் கவனிக்கிறது. நமது பிரச்சினை அவற்றில் தொண்ணூறாவதாக இருக்கலாம். நமக்கோ அதுவே முதலாவது. ஒரே கோப்பைப் பத்து ஆண்டுகள் விடாமல் படித்த ஐந்து அதிகாரிகள், இரண்டு ஆண்டுக்கொருமுறை இடம் மாறும் ஐம்பது பேரைவிட அந்த விஷயத்தில் வலுவானவர்கள். ஆகவே முக்கியக் கோப்புகளைக் கையாளுபவர்களை அடிக்கடி மாற்றாதிருப்பதும், ஒரே நேரத்தில் பல முனைகளில் சண்டை பிடிக்காதிருப்பதும் அவசியம்.

இதற்கு ஐஸ்லாந்தைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. நிரந்தரப் படையே இல்லாத அந்த நாடு, தன் மீன்பிடி எல்லையை 1958-இல் 12 கடல் மைல், 1972-இல் 50, 1975-இல் 200 என்று படிப்படியாக விரித்தது. அங்கே மீன் பிடித்துவந்த பிரிட்டன் ஒவ்வொரு முறையும் போர்க்கப்பல்களை அனுப்பியது. ஐஸ்லாந்தின் கடலோரக் காவல் கப்பல்கள் பிரிட்டிஷ் மீன்பிடிக் கப்பல்களின் வலைக் கம்பிகளை வெட்டின. எனினும் முடிவைத் தீர்மானித்தது கடலில் நடந்த மோதல் மட்டுமன்று. சோவியத் நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்காணிக்கத் தன் மண்ணிலுள்ள கெஃப்லாவிக் தளம், மேற்கத்திய நாடுகளின் இராணுவக் கூட்டணியான நேட்டோவுக்கு இன்றியமையாதது என்பதை ஐஸ்லாந்து நன்கறிந்திருந்தது. கூட்டணியை விட்டு விலகவும் நேரலாம் என்ற எச்சரிக்கை, பிரிட்டனின் நட்பு நாடுகளையே பிரிட்டன் மீது அழுத்தம் கொடுக்க வைத்தது. அதே காலத்தில் ஐநா கடல் சட்ட மாநாட்டில் 200 மைல் என்ற கருத்து பரவலான ஆதரவைப் பெற்றுவந்தது. உலகச் சட்டம் நகரும் திசையில் கோரிக்கையை வைத்தால் காலமும் நம் பக்கம் சேர்ந்துகொள்ளும்.

சட்டத்தை நாடும்போது, எந்தக் கதவு இன்னும் திறந்திருக்கிறது என்று பார்ப்பதே வழக்கறிஞரின் முதல் வேலை. கிழக்குத் திமோர் 2002 மே மாதம் விடுதலை பெறுவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன், கடல் எல்லை வழக்குகளில் கட்டாயத் தீர்ப்புக்கு உட்பட மாட்டோம் என்று ஆஸ்திரேலியா அறிவித்துவிட்டது. நீதிமன்ற வழி அடைபட்ட நிலையில், திமோர் 2016-இல் கடல் சட்ட உடன்படிக்கையிலுள்ள கட்டாயச் சமரச நடைமுறையைத் தேர்ந்தெடுத்தது: ஒரு நாடு அழைத்தால் மற்றதும் ஒரு சமரசக் குழுவின் முன் வந்தாக வேண்டும். அதற்கு முன் எந்த நாடும் அந்த நடைமுறையைப் பயன்படுத்தியதில்லை. அந்தக் குழுவின் பரிந்துரை எவரையும் கட்டுப்படுத்தாது. ஆயினும் ஆஸ்திரேலியா மேசைக்கு வர வேண்டியதாயிற்று. 2018 மார்ச் மாதத்தில் கடல் எல்லை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதே சமயம், தீர்ப்பு வேறு, அதன் பயன் வேறு என்பதையும் மறக்கக் கூடாது: 1986-இல் சர்வதேச நீதிமன்றத்தில் அமெரிக்காவுக்கு எதிரான வழக்கில் நிகராகுவா வென்றது, இழப்பீட்டை அமெரிக்கா தரவில்லை.

ஒரே பொருளை விற்கும் அண்டை நாடுகள் சேர்ந்து விற்பது நல்லது. 1982-இல் உருவான நவூரு உடன்படிக்கையின் கீழ்ப் பசிபிக் தீவு நாடுகள், தம் கடலில் சூரை மீன் பிடிக்கும் அயல்நாட்டுக் கப்பல்களுக்கு மீன்பிடி நாட்களைக் கூட்டாக விற்கின்றன.

இரு வல்லரசுகளை ஒன்றுக்கெதிராக ஒன்று ஏலம் கேட்கவைக்கும் உத்தியைப் பலர் புகழ்கிறார்கள். நான் அவ்வளவு நம்புவதில்லை. கிர்கிஸ்தான் 2009-இல் ரஷ்யாவிடம் பெரும் நிதியுதவிக்கான வாக்குறுதியைப் பெற்று, தன் மண்ணிலிருந்த அமெரிக்காவின் மனாஸ் விமானப்படைத் தளத்தை மூடுவதாக அறிவித்து, பின்னர் அமெரிக்காவிடமிருந்து ஆண்டு வாடகையை 1.74 கோடி டாலரிலிருந்து 6 கோடி டாலராக உயர்த்திக்கொண்டது. பணம் வந்தது, ஆனால் இரு தலைநகரங்களிலும் அந்நாட்டின் சொல்லுக்கு மதிப்புக் குறையாமல் இருந்திருக்கும் என்று நம்ப முடியவில்லை. இதற்கு எதிரான போக்கைச் சிங்கப்பூரிடம் காணலாம். 1983-இல் அமெரிக்கா கரீபியத் தீவு நாடான கிரனடாவுக்குள் படையெடுத்தபோது, அமெரிக்காவின் நண்பனாக இருந்தும், அதைக் கண்டிக்கும் ஐநா தீர்மானத்தைச் சிங்கப்பூர் ஆதரித்தது. சிறு நாட்டின் இறையாண்மை மீறப்படக் கூடாது என்ற கொள்கையை நண்பனிடமும் சொன்னவரே பிறகு மற்றவரிடம் சொல்லும்போது காது கொடுக்கப்படுவார்.

ஒப்பந்தத்தின் வரைவை எழுதும்போது, வல்லரசின் அமைச்சர் தன் நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று எதைச் சொல்ல முடியும் என்பதையும் நாமே யோசித்து எழுத வேண்டும். 1976 ஜூன் மாதத்தில் 200 மைல் எல்லையை விட்டுக்கொடுக்காத ஐஸ்லாந்து, பிரிட்டனின் 24 மீன்பிடிக் கப்பல்கள் ஒரே நேரத்தில் அதற்குள் மீன் பிடிக்கலாம் என்று ஆறு மாதங்களுக்கு அனுமதித்தது. அந்த ஆறு மாதம் முடிந்து, 1977 தொடக்கத்தில், பிரிட்டனும் தன் கடலில் 200 மைல் மீன்பிடி எல்லையை அறிவித்தது.