கெமிக்கல் பேட்டன்ட்: ஜூனியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கெமிக்கல் இன்ஜினியரிங் முடித்து, பேட்டன்ட் ஏஜென்ட் தேர்விலும் தேறி வருகிற பிள்ளைகளின் டிராஃப்ட்டுகளைத் திருத்துவது என் வேலைகளில் ஒன்று. எங்கள் தலைமுறை அடித்த அதே கூத்தைத்தான் இவர்களும் அடிக்கிறார்கள். கருத்தரங்கில் கட்டுரை வாசித்துவிட்டு அப்புறம் விண்ணப்பிப்பது, புரொவிஷனல் என்கிற தற்காலிக விண்ணப்பத்துக்குப் பிறகு முழு விண்ணப்பம் போடும் 12 மாதக் கெடுவைக் கோட்டைவிடுவது போன்றவை பாடப்புத்தகத்திலேயே இருக்கின்றன, விட்டுவிடுகிறேன்.

## அகலமான ரேஞ்ச், நடுவில் ஒன்றுமில்லை

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

ஒரு சிறு நிறுவனம். ஃபிக்ஸட் பெட் ரியாக்டரில் வினையூக்கியை அசையாத படுகையாக (பெட்) நிரப்பி, ஆல்கஹாலைக் காற்றோடு சேர்த்து ஆல்டிஹைடு எடுக்கிறார்கள். ஜூனியர் எழுதிய கிளெய்மில், அதாவது உரிமை கேட்கும் வாசகத்தில், வெப்பநிலை 150 முதல் 400 டிகிரி செல்சியஸ். கண்டுபிடிப்பை விவரிக்கும் ஸ்பெசிஃபிகேஷனிலும் அதே வரிதான். உதாரணம் ஒன்றே ஒன்று, 300 டிகிரியில். பேட்டன்ட் அலுவலகத்தின் எக்ஸாமினேஷன் ரிப்போர்ட்டில், அதே வகை வினையூக்கியை 350 டிகிரியில் ஓட்டிய பழைய ஆவணம் ஒன்று வந்து நின்றது. ரேஞ்சுக்குள் ஒரு புள்ளி ஏற்கெனவே தெரிந்ததாக இருந்தால் போதும், முழு கிளெய்மும் புதுமை இழந்துவிடும்.

சுருக்கிக்கொள்ளலாம் என்று பிளான்ட்டுக்குப் போனோம். ஆபரேட்டர் லாக் புக்கை விரித்துக் காட்டினார். 285-லிருந்து 305 வரை யீல்டு அருமையாக இருக்கிறது. அதைத் தாண்டினால் வினையூக்கிப் படுகையின் நடுவில் ஓரிடம் மட்டும் கொதிக்கும் ஹாட் ஸ்பாட். "சரக்கு பூரா எரிஞ்சு கார்பன் டை ஆக்சைடாப் போயிடும் சார்" என்றார். நுழைவாய்ப் பக்கம் பீங்கான் உருண்டைகளைக் கூடுதலாகக் கலந்து அந்தச் சூட்டை அடக்கியிருந்தார்கள். கண்டுபிடிப்பே அதுதான்! அதில் ஒரு வரிகூட ஸ்பெசிஃபிகேஷனில் இல்லை.

இந்தியப் பேட்டன்ட் சட்டத்தின் பிரிவு 59 இங்கே கழுத்தைப் பிடிக்கும். திருத்திய கிளெய்ம் பழைய கிளெய்முக்குள் அடங்கினால் மட்டும் போதாது. அந்த விஷயம் முதலில் தாக்கல் செய்த ஸ்பெசிஃபிகேஷனிலேயே இருந்திருக்க வேண்டும். லாக் புக்கில் இருக்கிறது என்று சொன்னால் செல்லாது. புதிதாக விண்ணப்பிக்கலாம் என்றால், எங்கள் முதல் விண்ணப்பமே அதற்குள் வெளியாகி எங்களுக்கு எதிராக நின்றது. கடைசியில் 300 என்ற ஒற்றைப் புள்ளியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். போட்டிக்காரர் 295-ல் ஓட்டினால் கேட்க நாதியில்லை.

ஏன் இப்படி எழுதினாய் என்று கேட்டால், "எண்ணைப் போட்டா உரிமை குறுகிடும்னு நினைச்சேன் சார்" என்பார்கள். குறுக்குவது கிளெய்ம். ஸ்பெசிஃபிகேஷனில் படிப்படியாக இறங்கலாம்: 150–400, சிறப்பாக 220–340, மிகச் சிறப்பாக 285–305. ஒவ்வொரு படிக்கும் ஓர் உதாரணம். கூடவே ரேஞ்சுக்கு வெளியே ஓட்டிக் கெட்டுப்போன பேட்ச் ஒன்று. இன்வென்ட்டர்கள் தோற்ற பேட்ச்களை வெளியே காட்ட மாட்டார்கள். விடாமல் கேட்டு வாங்குங்கள். இது சாதாரணமாக யாருக்கும் தோன்றியிருக்கக்கூடியதுதானே என்று எக்ஸாமினர் கேட்கும்போது அவைதான் நமக்குச் சாட்சி. தவிர, தெரிந்த சிறந்த முறையைச் சொல்லியாக வேண்டும் என்கிறது பிரிவு 10(4). சொல்லாமல் விட்டால் பிரிவு 64-ஐக் காட்டி ரத்து கேட்பார்கள்.

## அளந்த விதம் சொல்லாத அளவு

"சராசரித் துகள் அளவு 50 மைக்ரான்." எதை வைத்து அளந்தது? ஊசி மாதிரியான படிகத்துக்குச் சல்லடையும் லேசர் டிஃப்ராக்‌ஷனும் ஒரே விடை தராது. எந்தக் கருவி, எந்தச் சராசரி, டி50 (பாதி இதைவிடச் சிறியது என்கிற நடு அளவு) என்றால் கன அளவுக் கணக்கா, எண்ணிக்கைக் கணக்கா என்று எழுதுங்கள். விஸ்காசிட்டி (பாகுத்தன்மை) என்றால் வெப்பநிலையும், திரவத்தை எவ்வளவு வேகமாக இழுத்து அளந்தோம் என்கிற ஷியர் ரேட்டும் வேண்டும்.

## வெளிநாட்டில் முதல் தாக்கல்

அனுமதி இல்லாமல் கூடாது. பிரிவு 39.

## 3(டி)-யின் வால்

எவையெல்லாம் கண்டுபிடிப்பு ஆகாது என்று சொல்கிற பிரிவு 3-இன் (டி) உட்பிரிவு இது. 3(டி) என்றதும் எல்லோரும், நோவார்ட்டிஸின் புற்றுநோய் மருந்துக்குப் பேட்டன்ட் மறுத்த 2013 உச்ச நீதிமன்றத் தீர்ப்பைச் சொல்வார்கள். அது மருந்துக்காரர்கள் பாடு. நம்மைக் கடிப்பது அதே பிரிவின் கடைசிப் பகுதி: தெரிந்த ப்ராசஸையோ இயந்திரத்தையோ கருவியையோ வெறுமனே பயன்படுத்துவது கண்டுபிடிப்பு ஆகாது. ப்ராசஸ் என்றால் புதுப் பொருள் கிடைத்தாலோ, குறைந்தது ஒரு புது ரியாக்டன்ட் சேர்ந்தாலோ தப்பிக்கலாம். தெரிந்த டிஸ்டிலேஷன் கோபுரத்தை இன்னொரு கலவைக்கு ஓட்டினோம் என்று மட்டும் எழுதினால் இங்கேதான் இடிக்கும். கலவை நுழைகிற ஃபீட் ட்ரேயை மாற்றினீர்களா, நடுவிலிருந்து சரக்கை எடுக்கிற சைடு டிரா வைத்தீர்களா? அதைக் கிளெய்மில் கொண்டுவாருங்கள்.

## படிவம் 18

எக்ஸாமினேஷன் கேட்கிற படிவம். கெடு, முன்னுரிமைத் தேதியிலிருந்து 31 மாதம். 48 என்று பழைய நோட்ஸில் இருந்தால் புது விண்ணப்பங்களுக்கு அதை நம்பாதீர்கள்; 2024 மார்ச் 15 முதல் தாக்கலானவற்றுக்கு விதி மாறிவிட்டது.

## சுவருக்குள் நடக்கும் ப்ராசஸ்

ப்ராசஸ் பேட்டன்ட் அந்த முறையில் நேரடியாகக் கிடைக்கிற சரக்கையும் காக்கும். பிரிவு 48 அப்படித்தான் சொல்கிறது. ஆனால் எதிராளி அதே முறையில்தான் செய்கிறான் என்று எப்படிக் காட்டுவது? சில சூழல்களில் பிரிவு 104ஏ நிரூபிக்கும் சுமையை அவன் தலைக்கு மாற்றும், அதற்கும் முதலில் சரக்கு ஒன்றுதான் என்று நாம் நிறுவ வேண்டும். ஆகவே டிராஃப்ட் எழுதும்போதே இன்வென்ட்டரிடம் கேளுங்கள்: இந்த முறையில் செய்த சரக்கில் மட்டும் தங்குகிற இம்ப்யூரிட்டி ஏதாவது உண்டா, வினையூக்கி உலோகம் சில பிபிஎம் (பத்து லட்சத்தில் சில பங்கு) மிஞ்சுகிறதா? உண்டென்றால் அதை, முதன்மைக் கிளெய்மைச் சார்ந்து நிற்கும் டிபென்டன்ட் கிளெய்மாகவாவது போட்டுவையுங்கள். போட்டிக்காரர் தன் பிளான்ட்டுக்குள் நம்மை விட மாட்டார். சரக்கைக் கடையில் வாங்கி லேபுக்கு அனுப்புவதை அவரால் தடுக்க முடியாது.