துணி காயாத ஊருக்கு எந்தக் கூலிங் வெஸ்ட்?

உடம்பைக் குளிரவைக்கும் கையில்லாச் சட்டையான கூலிங் வெஸ்ட் வாங்கப் போகிறீர்கள் என்றால் முதலில் வீட்டுக் கொடியில் கிடக்கும் துணியைப் பாருங்கள். நிழலில் போட்ட துணி ஒன்றிரண்டு மணி நேரத்தில் மொடமொடவென்று காய்ந்துவிடுகிறதா, இல்லை சாயங்காலம் வரைக்கும் ஈரமாகவே தொங்குகிறதா? எந்த வகை வெஸ்ட் உங்களுக்கு உதவும் என்பதில் பாதி இங்கேயே முடிவாகிவிடும். எங்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை, அதனால் ஒரு கோடைக்காலம் முழுக்க வீணாகப் போனது.

அக்காவுக்கு எம்.எஸ்., அதாவது மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸ். நரம்பின் மேலுறை அங்கங்கே சிதைந்துபோகும் நோய் என்பதால், உடம்புச் சூடு அரை டிகிரி ஏறினாலே அந்த இடங்களில் நரம்பின் செய்தி தடுமாறிவிடும்: பார்வை மங்கும், கால் இழுக்கும், கை சொன்ன பேச்சு கேட்காது. வில்ஹெல்ம் ஊட்ஹோஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1890இல் இதைப் பதிவு செய்தார், இன்றும் அவர் பெயரால்தான் மருத்துவர்கள் இதைக் குறிப்பிடுகிறார்கள். சூடு தணிந்தால் அறிகுறியும் தணிந்துவிடும், இந்தச் சூட்டால் நரம்பு புதிதாகக் கெட்டுப்போவதில்லை. "வெயில்ல யாருக்குத்தான் முடியுது" என்று சொல்லும் சொந்தக்காரர்கள் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது.

நாங்கள் இருப்பது தென்னாப்பிரிக்காவில். ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் அக்காவுக்கு ஒரு தோழி, அவருக்கும் இதே நோய். தண்ணீரில் நனைத்துப் பிழிந்து போடும் வெஸ்ட்தான் தன்னை வாழவைக்கிறது என்று அவர் சொல்ல, அதே மாதிரி ஒன்றை கடலோர டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் நாங்களும் வாங்கினோம். பிப்ரவரி மாதம், இங்கே அது கோடை, அக்கா அதைப் போட்டுக்கொண்டு வாசலில் கால் மணி நேரம் உட்கார்ந்தாள். "தம்பி, ஈரச்சாக்கைப் போர்த்தின மாதிரி இருக்குடா, இன்னும் புழுங்குது" என்றாள். தொட்டுப் பார்த்தேன், வெஸ்ட்டே வெதுவெதுவென்று இருந்தது. மண்பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறதோ அப்படித்தான் இதுவும்: ஈரம் ஆவியாகப் போகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும், ஆனால் ஆவியை வாங்கிக்கொள்ளக் காற்றில் இடம் இருக்க வேண்டும். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்துக்கு 1,700 மீட்டர் மேலே, காற்று காய்ந்தது. டர்பனில் கோடையில் ஈரப்பதம் 75, 80 சதவீதம் என்பது சாதாரணம். காற்று காய்ந்த ஊர்க்காரர்கள் இந்த வகையைத் தாராளமாக வாங்கலாம், லேசானது, விலையும் குறைவு. கடலோரத்தில் இருந்தால் வேண்டாம்.

எங்களைப் போன்றவர்களுக்கு மிஞ்சுவது பொட்டலம் வைக்கும் வெஸ்ட்கள். அதில் ஐஸ் பொட்டலம் ஒரு வகை. ஃப்ரீசரில் இரவெல்லாம் வைத்து எடுக்க வேண்டும். குளிர்ச்சி பலமாக இருக்கும், ஆனால் சுழி டிகிரியில் இருப்பதால் தோலைச் சுட்டுவிடும், தோலிலுள்ள ரத்தக்குழாய்கள் சுருங்கி உள்சூடு வெளியே வரவும் தடைப்படும். எம்.எஸ். உள்ள பலருக்கு உடம்பில் சில இடங்களில் உணர்ச்சி குறைவு, தோல் புண்ணாகும் வரைக்கும் தெரியாது. அதனால்தான் எனக்கு இது பிடிக்கவில்லை.

இன்னொன்று பேஸ் சேஞ்ச் பொட்டலம். மெழுகு மாதிரியான பொருள், 14, 15, 18 டிகிரி என்று குறிப்பிட்ட ஒரு சூட்டில் உருகும்படி செய்திருப்பார்கள். முழுக்க உருகி முடியும் வரைக்கும் ஏறக்குறைய அதே குளிர்ச்சியில் நிற்கும், இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும். ஐஸ் தண்ணீரில் போட்டால் ஒரு மணி நேரத்துக்குள் திரும்பக் கட்டியாகிவிடும், ஃப்ரீசர் கட்டாயமில்லை. லோட் ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டைப் பார்த்த நாட்டில் இது பெரிய விஷயம்: கரண்ட் போனால் பெட்ரோல் போடும் கராஜில் ஒரு பை ஐஸ் வாங்கி, ப்ராய்க்கு, அதாவது வெளியில் கறி சுட்டுச் சாப்பிடும் விருந்துக்கு, எடுத்துப்போகும் கூலர் பாக்ஸில் தண்ணீரோடு கொட்டிப் பொட்டலங்களை அமுக்கிவிடுவோம், அவ்வளவுதான். இதில் குறை எடை. ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூல் சூட்டை வாங்கும், இந்தப் பொருள் கிலோவுக்கு 200 பக்கம்தான், அதனால் அதே குளிர்ச்சிக்கு அதிகம் சுமக்க வேண்டும். பெரும்பாலும் இரண்டு கிலோ, சிலது அதற்கும் மேலே. வாங்கும் முன் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டை முதுகுப்பையில் போட்டு, வீட்டுக்குள்ளேயே ஒரு மணி நேரம் நடந்து பாருங்கள். அந்தச் சுமையே களைப்பைத் தந்தால் சின்னப் பொட்டலம் உள்ளதைத் தேடுங்கள்.

குழாயில் குளிர்ந்த தண்ணீர் ஓடும் வெஸ்ட்டும் உண்டு. நாசா சேர்ந்து நடத்திய ஓர் ஆய்வு 2003இல் நியூராலஜி இதழில் வந்தது, எம்.எஸ். உள்ள 84 பேரை இந்த முறையில் குளிரவைத்ததில் கை கால் இயக்கத்திலும் பார்வையிலும் சின்ன முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் பம்ப், பேட்டரி, தண்ணீர்ப் பெட்டி என்று கூடவே இழுக்க வேண்டும், விலையும் அதிகம். பெரும்பாலும் உட்கார்ந்தே இருப்பவர்களுக்குச் சரி. மின்விசிறி வைத்த ஜாக்கெட் வெளிக்காற்றைத்தான் ஊதும், 35 டிகிரிக்கு மேலே போனால் அனல்தான் வரும்.

அப்புறம் கை. சூடு ஏறிய நேரத்தில்தான் வெஸ்ட் தேவை, அதே நேரத்தில்தான் விரல்களும் வேலை செய்யாது. அக்காவின் முதல் வெஸ்ட்டில் சின்ன ஜிப், அதன் நுனியைப் பிடிக்க முடியாமல் அவள் மூன்று தடவை முயன்று விட்டுவிட்டதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அகலமான வெல்க்ரோ பட்டை, பக்கவாட்டில் இறுக்கும் வசதி, இரண்டும் இருப்பதை எடுங்கள். வெஸ்ட் உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும், தொளதொளவென்று இருந்தால் பயனில்லை. உள்ளே மெல்லிய பருத்திச் சட்டை போதும். சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு முதுகுப் பொட்டலம் அழுத்திப் புண் வரலாம், முன்பக்கம் மட்டும் பொட்டலம் வைக்கும்படி இருக்கிறதா என்று கேளுங்கள்.

உள்ளூர்க் கடையில் இணையம் வழியாக வாங்கினால் 7 நாளுக்குள் திருப்பிக் கொடுக்க தென்னாப்பிரிக்காவின் 2002ஆம் ஆண்டு மின்வணிகச் சட்டம் இடம் தருகிறது, அனுப்பும் செலவு உங்களுடையது, அளவெடுத்துத் தைத்ததற்கு அது பொருந்தாது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் 15 சதவீத வாட் வரியையும் கணக்கில் வையுங்கள். மாற்றுப் பொட்டலம் தனியாகக் கிடைக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள், ஒரே செட்டை வைத்துக்கொண்டு கடற்கரைக்குக்கூடப் போக முடியாது.

குளிரில் விரல் வெளுக்கும் ரேனாட்ஸ் இருந்தாலோ, குளிர்பட்டால் தோல் தடித்தாலோ, இதய நோய் இருந்தாலோ மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள். உடம்பு நன்றாகக் குளிர்ந்த பிறகும் அறிகுறி ஒரு நாள் தாண்டி நின்றால் அது வெயிலின் வேலை இல்லை, காய்ச்சலோ தொற்றோ புதிய தாக்குதலோ இருக்கலாம், உடனே காட்டுங்கள்.

இந்த வருஷம் தைப்பூசத்துக்குக் கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பே அக்காவுக்கு வெஸ்ட்டைப் போட்டுவிட்டோம், சூடு ஏறிய பிறகு தணிப்பதைவிட ஏறாமல் பார்த்துக்கொள்வது சுலபம். இரண்டாவது செட் காரில் கூலர் பாக்ஸில் இருந்தது. பத்தரை மணிக்கு மரத்தடியில் பொட்டலங்களை மாற்றினோம், காவடி எல்லாம் கோயிலுக்குள்ளே போய் முடியும் வரைக்கும் அக்கா தடியை ஊன்றிக்கொண்டு நின்றே பார்த்தாள்.