பழைய தீயணைப்பான் சேகரிக்கப் போகிறீர்களா? பாலிஷ் டப்பாவைத் திறக்கும் முன் இதைப் படியுங்கள்

என்னிடம் வந்த முதல் பழைய தீயணைப்பான் ஒரு பித்தளைக் கை பம்பு. முழங்கை நீளம்கூட இருக்காது. ஆட்டினால் உள்ளே ‘சளக் சளக்’ என்றது. “பழைய தண்ணி சார், கொட்டிட்டு பாலிஷ் போட்டா தங்கம் மாதிரி மின்னும்” என்றார் விற்றவர். வீட்டுக்கு வந்ததும் பிடியைத் திருகி ஒரே ஒரு தடவை இழுத்துத் தள்ளினேன். முனையிலிருந்து நாலைந்து சொட்டு உள்ளங்கையில் விழுந்தது. ஜில்லென்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்தும் போனது. ட்ரை கிளீனிங் கடைக்குள் நுழைந்ததுபோல ஒரு இனிப்பு வாசனை. தண்ணீருக்கு ஏது வாசனை? அன்று ராத்திரி முழுக்கத் தலைவலி. உள்ளே இருந்தது கார்பன் டெட்ராகுளோரைடு என்ற விஷத் திரவம் என்று மறுநாள்தான் புரிந்தது.

இந்தப் பொழுதுபோக்கில் பார்க்கப் பயமாக இருப்பது ஒன்று, உண்மையில் ஆபத்தானது வேறொன்று. அதனால் அழகு பார்ப்பதற்கு முன்னால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கப் பழகுவோம்.

படி 1: எந்த வகை என்று கண்டுபிடியுங்கள்

கையில் எடுத்து நீட்டிப் பிடிக்கிற, தடித்த சைக்கிள் பம்பு போன்ற பித்தளைக் குழாய் என்றால் அது கார்பன் டெட்ராகுளோரைடு பம்பு. அமெரிக்காவின் பைரீன் நிறுவனம் 1910-களின் தொடக்கத்தில் கொண்டுவந்த வடிவம் இது. பிறகு பல நிறுவனங்கள் இதே மாதிரி செய்தன. கார், பஸ், படகு எல்லாவற்றிலும் ஒன்று தொங்கிய காலம் உண்டு.

முழங்காலுக்குச் சற்று மேலே வரும் உயரத்தில், மேலே பெரிய திருகு மூடியும் பக்கவாட்டில் ரப்பர் குழாயுமாக இருக்கும் செம்புப் பாத்திரம் சோடா அமில வகை. பிரான்சில் பிரான்சுவா கார்லியே 1866-இல் காப்புரிமை பெற்ற யோசனை. ஏறத்தாழ நூறு வருடம் பள்ளிக்கூடம், ஆலை, தியேட்டர் எங்கும் சுவரில் மாட்டியிருந்தது இதுதான். இதே உருவத்தில் நுரை வகையும் உண்டு.

தீயில் எறிந்து உடைக்கிற கண்ணாடிக் குண்டுகள் மூன்றாவது வகை. எடை மிகுந்த இரும்பு சிலிண்டர் என்றால் பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு. அதைப் பற்றி ஒரே வரி: உள்ளே பல மடங்கு அழுத்தம் இருக்கிறது, நிரப்புகிற நிலையத்தில் கொடுத்து காலி செய்து வால்வைக் கழற்றி வாங்காமல் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

முன்பக்கம் பற்றவைத்திருக்கும் தகட்டைப் படியுங்கள். எப்படி இயக்குவது, என்ன நிரப்புவது என்று அதிலேயே இருக்கும். ‘தலைகீழாகக் கவிழ்க்கவும்’ என்ற பொருளில் எழுதியிருந்தால் பெரும்பாலும் சோடா அமிலமோ நுரையோதான்.

படி 2: ஆட்டாதீர்கள், எடை பாருங்கள்

புதிதாக வருகிறவர்கள் முதலில் செய்வது குலுக்கிப் பார்ப்பது. பம்பு வகையில் இதனால் பெரிய கெடுதல் இல்லை, மெதுவாகச் சாய்த்தாலே திரவம் ஓடும் சத்தம் கேட்கும். ஆனால் செம்புப் பாத்திரத்தைச் சாய்க்கவே கூடாது. காரணம் ஐந்தாம் படியில்.

தண்ணீரைப்போல 1.6 மடங்கு எடை கொண்டது கார்பன் டெட்ராகுளோரைடு. ஒரு லிட்டர் பிடிக்கிற பம்பு நிறைய இருந்தால் திரவம் மட்டுமே ஒன்றரை கிலோவைத் தாண்டும். அளவுக்கு மீறிக் கனக்கிறதே என்று கை சொன்னால் நம்புங்கள். முனையைச் சுற்றியும் நிரப்பும் மூடியைச் சுற்றியும் பச்சைக் களிம்பு பூத்திருந்தால் கசிவு இருந்திருக்கலாம்.

படி 3: பம்பில் திரவம் இருந்தால்

திறக்க வேண்டாம். பம்பு அடிக்கவும் வேண்டாம். இதை விட்டுக்கொடுக்காமல் சொல்கிறேன்.

1920-களில் கொக்கிப்புழுவுக்கு இதையே மருந்தாகக் குடிக்கக் கொடுத்தார்கள் என்றால் நம்ப முடிகிறதா? அதனால்தான் பழைய ஆட்கள் சிலர் “அதெல்லாம் ஒண்ணும் பண்ணாது” என்பார்கள். ஆனால் இது கல்லீரலையும் சிறுநீரகத்தையும் குறிவைக்கும் விஷம். மூச்சு வழியாகவும் போகும், தோல் வழியாகவும் போகும். முதலில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல். அது சரியாகிவிட்டது என்று நினைக்கும்போது, ஓரிரு நாள் கழித்துக் கல்லீரல் பாதிப்பு தலைகாட்டலாம். மது அருந்துபவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஆவி காற்றைவிட ஐந்து மடங்கு கனமானது என்பதால் தரையோடு படியும். குழந்தையும் நாயும் இருக்கும் உயரத்தில்.

இதைவிட மோசம், இதைத் தீயில் அடித்தால் நடப்பது. சூடான உலோகத்திலும் நெருப்பிலும் பட்டால் இது சிதைந்து பாஸ்ஜீன் வாயு உண்டாகும். முதல் உலகப் போரில் நச்சு வாயுவால் இறந்தவர்களில் பெரும்பாலானோரைக் கொன்ற அதே வாயு. மூடிய அறையில் தீயை அணைக்கப் போனவர் தீயில் சாகாமல் தீயணைப்பானால் செத்த கதை இப்படித்தான்.

அப்படியானால் என்ன செய்வது? பம்பை நிமிர்த்தியபடியே கெட்டியான பிளாஸ்டிக் பையில் கட்டி, மூடியுள்ள வாளிக்குள் மணலோ, பூனை கழிவுக்கு விற்கும் மணலோ போட்டு அதில் நிறுத்துங்கள். வீட்டுக்கு வெளியே, நிழலில், குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அபாயக் கழிவுகளை வாங்கிக்கொள்ளும் மையத்துக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ முதலில் போன் செய்து, ரசாயனத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கொண்டுபோகும்போது கார் ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டினால் தண்ணீரைவிடக் கனமான இந்தத் திரவம் நேராக நிலத்தடி நீரைத் தேடி இறங்கும்.

உண்மையைச் சொன்னால், தொடக்கக்காரர் காலிப் பம்பாகப் பார்த்து வாங்குவதே புத்திசாலித்தனம். எத்தனையோ கிடைக்கின்றன.

படி 4: கண்ணாடிக் குண்டுகள்

பார்த்ததும் மனம் பறிபோவது இவற்றில்தான். ஹேவர்ட் குண்டுகளில் 1871 என்ற காப்புரிமை ஆண்டு கண்ணாடியிலேயே புடைப்பாக இருக்கும். ஹார்டன் ஸ்டார் என்ற பெயரில் நட்சத்திரம் பதித்த நீலக் குண்டுகள் 1880-களில் வந்தவை. இந்த முதல் தலைமுறைக் குண்டுகளில் பெரும்பாலும் உப்புக் கரைசல்தான். இருபதாம் நூற்றாண்டில், மின்விளக்குபோல மெல்லிய கண்ணாடியில், சுவரில் மாட்டும் கம்பிப் பிடியோடு வந்தவற்றில் கார்பன் டெட்ராகுளோரைடு. சிலவற்றில் சூடு பட்டால் விசை விடுபட்டு, சுத்தியல் முனை கண்ணாடியை உடைக்கும்.

சிக்கல் என்னவென்றால், சேகரிப்பவர்கள் மத்தியில் நிறைந்த குண்டுக்குத்தான் மதிப்பு. அதனால் யாரும் காலி செய்வதில்லை. நானும் ஒன்று வைத்திருக்கிறேன், மறைக்கவில்லை. ஆனால் மூன்று விஷயத்தில் கறார்: எது உள்ளே என்று உறுதியாகத் தெரியாதவரை விஷம் என்றே கணக்கு. விசை உள்ள பிடியிலிருந்து குண்டைத் தனியே எடுத்துவைப்பேன். படுக்கையறை, சமையலறை, அடுப்பு இருக்கும் பக்கம் கொண்டுபோக மாட்டேன். குண்டின் மேல் திரவ மட்டத்துக்கு நேரே சின்னக் காகிதத் துண்டு ஒட்டித் தேதி எழுதுங்கள். ஆறு மாதத்தில் மட்டம் இறங்கியிருந்தால் அடைப்பு கசிகிறது. இறங்கிய அளவு உங்கள் அறைக் காற்றில் கலந்திருக்கிறது.

உடைந்துவிட்டால் துடைக்க உட்காராதீர்கள். எல்லோரையும் வெளியேற்றி, ஜன்னலைத் திறந்து, அடுப்பு இருந்தால் அணைத்து, வெளியே வந்து உதவிக்கு அழையுங்கள்.

படி 5: செம்புப் பாத்திரம்

உள்ளே நடப்பது எளிய வேதியியல். பாத்திரம் நிறையச் சமையல் சோடா கரைத்த தண்ணீர். மூடிக்குக் கீழே கூண்டில் ஒரு கண்ணாடிக் குப்பியில் கந்தக அமிலம், அதன் வாயில் தளர்வாக ஓர் ஈய அடைப்பு. கவிழ்த்தால் அடைப்பு விலகி, அமிலம் சோடாவில் கலந்து, கார்பன் டை ஆக்சைடு பொங்கி, அழுத்தத்தில் தண்ணீர் குழாய் வழியே பீய்ச்சும். தொடங்கினால் நிறுத்த வழியில்லை, வால்வே கிடையாது.

இப்போது அந்தக் குழாய்க்குள் குளவி கூடு கட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈயம் வைத்துப் பற்றவைத்த பழைய மூட்டு அந்த அழுத்தத்தைத் தாங்காது. பாத்திரம் கவிழ்ந்திருக்கிறது அல்லவா, பிய்த்துக்கொண்டு பறக்கும் அடிப்பாகம் உங்கள் முகத்துக்கு நேரே இருக்கும். அமெரிக்காவில் 1969-இல் இந்தக் கவிழ்க்கும் வகைகளின் உற்பத்தி நின்றது. பற்றவைத்தோ தறையடித்தோ செய்தவற்றை 1982 தொடக்கத்துக்குள் வேலையிடங்களிலிருந்து அகற்றச் சொல்லிச் சட்டமும் வந்தது. “வேலை செய்யுதான்னு பாத்துடலாம்” என்ற ஆசையை இங்கேயே விட்டுவிடுங்கள்.

திறக்கும் முறை: பாத்திரம் நிமிர்ந்தே இருக்கட்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை. முகத்தை விலக்கி, மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தி நில்லுங்கள். சீறல் கேட்டால் அது அடங்கும்வரை கையை எடுங்கள். மூடியை நேராகத் தூக்கி டார்ச் அடித்துக் குப்பியைப் பாருங்கள். காலியாகவோ குப்பியே இல்லாமலோ இருந்தால் நிம்மதி. தண்ணீர் ஊற்றிப் பலமுறை அலசிக் காய வையுங்கள். குப்பியில் திரவம் இருந்தால் பழையபடி மூடி, விஷயம் தெரிந்தவரிடம் கொடுங்கள். கந்தக அமிலம் காற்றின் ஈரத்தை இழுத்துக் கொழுக்கும் குணமுள்ளது. வருடக்கணக்கில் இருந்த குப்பி விளிம்புவரை ததும்பி நிற்கலாம்.

படி 6: துலக்குதல்

காலி என்று உறுதியான பிறகுதான். மென்துணியும் பித்தளை பாலிஷும் போதும். கம்பி பிரஷ், மணல் காகிதம் வேண்டாம். தகட்டில் உள்ள எழுத்தும் பழைய சோதனைச் சீட்டும்தான் பாதி மதிப்பு. பற்றவைத்த இடங்களைத் தேய்த்தால் ஈயத் தூள் வரும். கை கழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள்.

பம்பை மேசை விளக்காக மாற்றும் மோகம் ஒன்று இருக்கிறது. துளையிடுவதும் பற்றவைப்பதும் சூடு. உள்ளே ஒட்டியிருக்கும் மிச்ச கார்பன் டெட்ராகுளோரைடு பாஸ்ஜீனாக மாற அந்தச் சூடு போதுமானதாக இருக்கலாம். என் கருத்தில், பம்பு பம்பாகவே இருக்கட்டும்.

படி 7: காட்சிக்கு வைத்தல்

செம்புப் பாத்திரத்தில் மூடியோடு வெறும் கூண்டை மட்டும் வையுங்கள், குப்பி வேண்டாம். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு சீட்டு கட்டுங்கள்: வகை, உள்ளே இருந்தது என்ன, எப்போது காலி செய்தது, ‘பயன்படுத்தாதீர்கள்’.

இந்தக் கடைசி வார்த்தை அலங்காரத்துக்கு இல்லை. ஒருநாள் எண்ணெய்ச் சட்டி தீப்பற்றியபோது, வீட்டுக்கு வந்திருந்த மருமகன் பதறிப்போய் ஓடிவந்து எடுக்கப் பார்த்தது பளபளவென்று தொங்கிய என் பித்தளைப் பம்பைத்தான். நான் சட்டிக்கு மூடி போட்டு அடுப்பை அணைத்து முடித்த பிறகும் அவர் கையில் அது இருந்தது. இப்போது அதே சுவரில், பம்புக்கு ஒரு முழம் தள்ளி, கதவுப் பக்கமாக, சிவப்பு நிறப் புது ஏபிசி பவுடர் தீயணைப்பான் தொங்குகிறது.